256 வண்ணக் கோளாறு

1990களின் கணினி விளையாட்டுகளைப் பிந்தைய விண்டோஸ் பதிப்புகளில், குறிப்பாக விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும், இயக்கும்போது நிறங்கள் மாறித் தெரியும் கோளாறு. ஸ்டார்கிராஃப்ட் (1998), ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (1999) ஆகியவற்றில் பரவலாகக் காணப்பட்டது. பின்னதில் பச்சைப் புல்வெளி சிவப்பாகவும் நீர்ப்பரப்பு ஊதாவாகவும் தோன்றும்.

காரணம்: இவ்விளையாட்டுகள் 8 பிட் வண்ண முறையில் இயங்குபவை. ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதைத் தனி வண்ணப் பட்டியல் தீர்மானிக்கிறது. விளையாட்டு முழுத்திரையில் ஓடும்போதே விண்டோஸின் திரை முகப்பை இயக்கும் எக்ஸ்ப்ளோரர் நிரல் தன் நிறங்களை அப்பட்டியலில் எழுதிவிடுவதால், படம் சரியாக இருந்தும் நிறம் பிழையாகிறது. எனவே கிராஃபிக்ஸ் கார்டை மாற்றிப் பயனில்லை.

தீர்வு: விளையாட்டைத் தொடங்கும் முன் டாஸ்க் மேனேஜர் வழியே எக்ஸ்ப்ளோரரை நிறுத்துவதும், திரைத் தெளிவு அமைப்புச் சாளரத்தைத் திறந்தே வைத்திருப்பதும் தொடக்ககால உத்திகள். சிஎன்சி-டிடிரா, டிஜிவூடூ 2 போன்ற இடைநிரல்கள் நிலையான தீர்வு தருகின்றன. இவற்றின் டிஎல்எல் கோப்பை விளையாட்டின் கோப்புறையில் இட்டால், விளையாட்டு பயன்படுத்தும் பழைய டைரக்ட்டிரா வரைகலைக் கட்டளைகளை இன்றைய டைரக்ட்3டி போன்ற முறைகளுக்கு அது மாற்றித் தரும். விண்டோஸ் 8 முதல் 8 பிட் முறையை இயங்குதளமே 32 பிட்டில் போலச்செய்வதால் இக்கோளாறு அரிதாயிற்று. 2017-இல் வந்த 1.18 திருத்தப் பதிப்பு ஸ்டார்கிராஃப்டைப் புதிய விண்டோஸ் பதிப்புகளுக்கு ஏற்றதாக்கியது.