வயலின், பியானோ, சாக்ஸபோன்: பி. ரம்லியின் இசை வாழ்க்கை

1962இல் வெளிவந்த 'இபு மெர்த்துவாக்கு' படத்தில் பணக்கார விதவை ஒருத்தி, தன் மகள் காதலிக்கும் ஆள் என்ன தொழில் செய்கிறான் என்று விசாரிக்கிறாள். வக்கீலா, டாக்டரா என்ற எதிர்பார்ப்பு அவளுக்கு. இசைக்கலைஞன் என்ற பதில் வந்ததும் அவள் முகம் மாறிப்போகும். மலேசியாவில் வளர்ந்த எல்லோருக்கும் இந்தக் காட்சி தெரியும். ஹரி ராயா விடுமுறைக்குத் தொலைக்காட்சியில் போடுவார்கள், நாமும் உட்கார்ந்து பார்ப்போம். கெப்பாலா பத்தாஸில் எங்க வீட்ல மலாய் சரியாப் பேச வராத பாட்டிகூட அந்த மாமியாரைப் பார்த்துத் திட்டும்.

படத்தை எழுத்துப் போடும் வரை பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். சாக்ஸபோன் கலைஞன் காசிம் செலாமாட் காதலித்தவளை மணந்து சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு வருகிறான். வறுமை. பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி இறந்துவிட்டாள் என்று பொய்ச் செய்தி வருகிறது. அழுது அழுது கண்பார்வை போகிறது. கடைசியில், திரும்பக் கிடைத்த பார்வையையும் அவனே அழித்துக்கொள்கிறான். இதை எழுதி இயக்கி, இசையமைத்துப் பாடி நடித்தவர் பி. ரம்லி.

ரம்லியை நாம் நகைச்சுவைக்காரராக, நடிகராக, கறுப்பு வெள்ளைக் கால ஏக்கமாக நினைவு வைத்திருக்கிறோம். அவரை முதலில் ஒரு இசைக்காரராகப் பார்த்தால் அந்தப் படங்கள் வேறு மாதிரித் தெரியும். 'அனாக்கு சசாலி'யில் (1956) அவர் வயலின் கலைஞன். 'அந்தாரா டுவா டார்ஜாட்'டில் (1960) அரச குடும்பத்துப் பெண்ணுக்குப் பியானோ சொல்லித்தரும் ஏழை. 'இபு மெர்த்துவாக்கு'வில் சாக்ஸபோன். மூன்று படம், மூன்று வாத்தியம். கேள்வி மட்டும் ஒன்றுதான்: இசையை வைத்துப் பிழைப்பவனுக்கு இந்தச் சமூகத்தில் என்ன மரியாதை?

தெயுக்கு ஸக்காரியா என்பது அவர் இயற்பெயர். தந்தை தெயுக்கு ஞாக் புத்தே ஆச்சேயிலிருந்து வந்தவர். தாய் சே மா பட்டர்வொர்த் பக்கத்துப் பெண். 1929 மார்ச் 22இல் பினாங்குத் தீவின் கவுண்டர் ஹால் சாலையில் பிறந்தார். தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் அந்த 'பி'. கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளி, பிரான்சிஸ் லைட் பள்ளி, பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்று படிப்பு போனது. நடுவில் ஜப்பான்காரன் காலம் வந்தது. ஜப்பானியப் பாடல்களையும் அப்போது கற்றுக்கொண்டார். உக்குலேலே, கித்தார், வயலின் என்று ஒவ்வொன்றாகக் கை பழகியது.

அன்றைய பினாங்கில் ஒரு பையன் காதில் என்னென்ன விழுந்திருக்கும்? கேளிக்கைப் பூங்காவில் நடன இசை வாசிக்கும் குழுக்கள். இசைத்தட்டில் ரும்பா, ஃபாக்ஸ்டிராட், இந்துஸ்தானிப் பாட்டு. திருமண வீட்டில் ஜோகெட், இனாங். மேடையில் பங்சாவான். பங்சாவான் நாடகத்தின் வேரே சுவாரசியமானது. 19ஆம் நூற்றாண்டில் பம்பாயிலிருந்து இங்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து, பினாங்கில் மலாய் மொழியில் உருவான கலை அது. அதே பார்சி நாடகத்தின் தாக்கம் தமிழ் இசை நாடகத்திலும் உண்டு. அங்கிருந்து அது தமிழ் சினிமாவுக்குள் போனது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாட்டு வரும் மலாய்ப் படமும் தமிழ்ப் படமும் ஒருவகையில் பங்காளிகள்தான்.

1947இல் வட மலாயா பாட்டுப் போட்டியில் ரம்லி வென்றார். அடுத்த ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு விழாவில் பாடினார். கெப்பாலா பத்தாஸிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். அந்தக் கூட்டத்தில் ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் இருந்தார். அழைப்பு வந்தது. 19 வயதில் ரம்லி சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்குப் போனார். முதல் படம் 'சிந்தா'வில் (1948) அவருக்கு வில்லன் வேடம். குரல் மட்டும் கதாநாயகன் ரூமாய் நூருக்குப் போனது. அதாவது திரையில் ரம்லி கெட்டவன், ரம்லியின் குரல் நல்லவன்.

அந்தக் குரலையும் முகத்தையும் ஒரே ஆளாக ஆக்கியதில் ஒரு தமிழருக்குப் பங்கு உண்டு. எல். கிருஷ்ணன் 1922இல் மெட்ராஸில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். அவர் இயக்கிய முதல் படம் 'பக்தி' (1950). தலைப்பைக் கேட்டாலே நமக்குப் புரியும். மலாயில் அந்தச் சொல்லுக்குத் தொண்டு, அர்ப்பணிப்பு என்று பொருள். ரம்லி முதன்முறை கதாநாயகனாக நடித்துத் தன் பாட்டைத் தானே பாடியது அதில்தான். ஒரு பினாங்குத் தமிழர் ஒரு பினாங்கு மலாய்க்காரரைக் கதாநாயகனாக்கிய கதை இது. நம்ம ஆட்களிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும்?

கிருஷ்ணன் மட்டுமில்லை. எஸ். ராமநாதன், பி.என். ராவ், கே.எம். பாஸ்கர், வங்காளத்துப் ஃபணி மஜும்தார் என்று ஜாலான் அம்பாஸின் ஆரம்பகால இயக்குநர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். முதலாளிகள் சீனர்கள். நடிகர்கள் மலாய்க்காரர்கள். அங்கே வேலை பார்த்துக்கொண்டே ரம்லி தொழில் கற்றார். 'பெனாரேக் பெச்சா' (1955) அவர் இயக்கிய முதல் படம். பினாங்கில் இருந்தபோதே மெட்டுப் போட்ட 'அஸிஸா' பாடலை அதில் வைத்தார். மஜும்தார் இயக்கிய 'ஹங் துவா' 1956 ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த இசைக்கான பரிசை அவருக்கு வாங்கித் தந்தது. அடுத்த ஆண்டு தோக்கியோவில் 'அனாக்கு சசாலி'க்காகச் சிறந்த நடிகர் பரிசு.

250க்கும் மேற்பட்ட பாடல்களை அவர் விட்டுச்சென்றிருக்கிறார். மலாய் மரபின் அஸ்லி, இனாங், ஜோகெட், மஸ்ரி தாளங்கள் ஒரு பக்கம். ரும்பா, போலேரோ, மாம்போ, சா சா சா, வால்ட்ஸ், ஸ்விங் இன்னொரு பக்கம். இரண்டையும் அவர் பசை போட்டு ஒட்டவில்லை. 'கெத்தாரான் ஜீவா'வைக் கேட்டுப் பாருங்கள். மெதுவான லத்தீன் தாளம், ஜாஸ் வாசனையுள்ள ஹார்மனி. அதன் மேல் மிதக்கும் குரல் மட்டும் முழுக்க மலாய். சொற்களின் கடைசி அசையை அவர் இறக்கிவிடும் விதத்தில் அது தெரியும். சத்தமாகப் பாட மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பாடுவார். மைக்கின் அருமை தெரிந்த தலைமுறைப் பாடகர் அவர். ஜாஸ் பாணி இன்னும் துலக்கமாகக் கேட்க வேண்டுமென்றால் 1961இல் அவர் மணந்த சலோமாவின் குரலுக்குப் போக வேண்டும். தாளத்துக்குச் சற்றுப் பிந்தி வந்து, சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும் குரல்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஜே.பி. சந்திரபாபு ஞாபகம் வரலாம். தூத்துக்குடிக்காரர், கொழும்பில் வளர்ந்தவர். மேற்கத்திய இசையும் யோடலிங்கும் நடனமும் நகைச்சுவையும் ஒரே உடம்பில் குடியிருந்தன. சொந்தமாகப் படமும் இயக்கிப் பார்த்தார். 1974இல், வாய்ப்புகளும் காசும் வற்றிய நிலையில் இறந்தார். துறைமுக ஊர்கள் இப்படிப்பட்ட ஆட்களை உருவாக்குகின்றன. கப்பலில் வந்து இறங்கும் எல்லாப் பாட்டும் அவர்களுக்குத் தாய்மொழி மாதிரி ஆகிவிடுகிறது.

ரம்லியின் சரிவு 1964இல் கோலாலம்பூருக்கு மாறியதிலிருந்து தொடங்குகிறது. உலு கிளாங்கிலிருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் ஜாலான் அம்பாஸின் வசதிகளும் இல்லை, பழகிய ஆட்களும் குறைவு. 1963இல் தொடங்கிய இந்தோனேசிய மோதலால் பெரிய சந்தை ஒன்று கைவிட்டுப் போனது. அதே ஆண்டு தொலைக்காட்சி வந்தது. இதெல்லாம் சினிமாவுக்கு விழுந்த அடி.

இசைக்கு விழுந்த அடி வேறு. கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும், பிறகு பீட்டில்ஸும் கிளப்பிய அலையில் மலாய் இளைஞர்கள் மின் கித்தாரைத் தூக்கினார்கள். அதற்குப் 'பாப் யே யே' என்று பெயர். அந்த அலையின் நட்சத்திரங்களில் ஒருவர் பெயரே ஏ. ரம்லி! பி. ரம்லி சும்மா இருக்கவில்லை. 'தீகா அப்துல்' (1964) படத்துக்கு 'புன்யி கித்தார்' என்று ஒரு ட்விஸ்ட் பாட்டே போட்டார். இன்றைக்கும் கல்யாண வீட்டில் ஆட வைக்கும் பாட்டு. ஆனாலும் புதுத் தலைமுறைக்கு அவர் அப்பா காலத்து ஆள் ஆகிவிட்டார்.

1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்தது. மே 13 கலவரம் முடிந்து இரண்டே ஆண்டு. இந்த வட்டாரத்தின் பூர்வீகப் பண்பாடே அடிப்படை, பிறவற்றில் பொருத்தமான கூறுகள் சேர்க்கப்படலாம், இஸ்லாம் முக்கியக் கூறு என்று மூன்று கோட்பாடுகள் அங்கே உருவாயின. மலேசியத் தமிழர்கள் இன்றுவரை விவாதிக்கும் கோட்பாடுகள் இவை. 'பொருத்தமான' என்று யார் முடிவு செய்வது? அந்த மாநாட்டில் ரம்லியும் ஒரு கட்டுரை வாசித்தார். மலேசியாவின் அஸ்லி, மரபு இசையின் தரத்தை உயர்த்தி வளப்படுத்தும் வழிகள் என்பது பொருள்.

ரும்பாவையும் இந்துஸ்தானியையும் ஜாஸையும் கரைத்துக் குடித்தவர் கடைசியில் மரபைக் காப்பாற்றுங்கள் என்று சொன்னார். இதில் முரண் இருக்கிறது. ஆனால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரபு இசையை முறையாகத் தெரிந்துகொண்டுதான் அவர் அதற்குள் மாம்போவைக் கொண்டுவந்தார். ஒரு கை போய்விட்டால் கைகுலுக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தூய்மை கேட்கும் ஆளாக நான் அவரைப் பார்க்கவில்லை. கலப்பதற்குக் கையில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே என்ற கவலையாகத்தான் எனக்கு அது படுகிறது.

1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' கடைசிப் படம். 1973 மே 29 அன்று மாரடைப்பு. வயது 44.

பிறகுதான் மரியாதைகள் வரிசையாக வந்தன. கோலாலம்பூரில் நினைவு நூலகம், பினாங்கில் பிறந்த மரவீடு அருங்காட்சியகம், 1990இல் டான் ஸ்ரீ பட்டம். கவுண்டர் ஹால் சாலையே ஜாலான் பி. ரம்லி ஆனது. இன்று அவர் தேசிய அடையாளம். அதில் தவறில்லை. ஆனால் அடையாளமாக்கும்போது ஆளைச் சுத்தம் செய்துவிடுகிறோம். பார்சி நாடகம், ஆச்சே அப்பா, சீன முதலாளி, தமிழ் இயக்குநர், கியூபாத் தாளம் எல்லாம் துடைக்கப்பட்டு, 'நம் மரபு' என்று ஒரு சொல் மட்டும் மிஞ்சுகிறது. 1957இல் கலைஞர் சங்கமான பெர்சாமா ஸ்டூடியோவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது அதன் தலைவராக இருந்த ரம்லியும் அந்தத் துடைப்பில் காணாமல் போகிறார். கலைஞனின் மரியாதை அவருக்குத் திரைக்கதை மட்டுமல்ல, சம்பளப் பிரச்சினையும்கூட.

கோலாலம்பூரிலும் ஒரு ஜாலான் பி. ரம்லி இருக்கிறது. இரவு விடுதிகளுக்குப் பேர்போன தெரு. அவர் பெயரை அங்கே வைத்திருப்பது சிலருக்குச் சங்கடம். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. அந்த மாதிரி இடங்களில் பாடிச் சம்பாதிக்கும் பையன்கள்தான் காசிம் செலாமாட்டின் நேரடி வாரிசுகள். அவர்களில் நம் பையன்களும் உண்டு. பெண் கேட்டுப் போனால் அவர்களிடம் என்ன வேலை என்றுதான் முதலில் கேட்போம்.