உடல் உறுப்புகள்: பெயரும் இடமும் அறிவோம்

உடல் நமக்கு அல்லாஹ் தந்த அமானிதம். ஆனால் அதன் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலரும் தடுமாறுவோம். மருத்துவரிடம் போய் "வயிறு வலிக்கிறது" என்கிறோம். தமிழில் வயிறு என்பது விலா எலும்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை முழுப் பகுதிக்கும் பெயர். சாப்பிட்டது போய்ச் சேரும் பைக்கும் பேச்சு வழக்கில் அதுவே பெயர். அந்தப் பைக்கு இரைப்பை என்று தனிச்சொல் உண்டு. கை, கால் என்பவையும் இப்படித்தான். தோள் முதல் விரல்நுனி வரை எல்லாமே நமக்குக் கை. ஆகவே பெயரோடு இடத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் மருத்துவருக்கு விளங்கும்.

உடலின் அடிப்படை அலகு செல். ஒரே வேலையைச் செய்யும் செல்கள் சேர்ந்தது திசு. எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு என நான்கு வகை. திசுக்கள் சேர்ந்து உறுப்பு. உறுப்புகள் சேர்ந்து மண்டலம். செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம் என்று பொதுவாக 11 மண்டலங்களாகப் பிரிப்பார்கள். இதயம் என்ற ஓர் உறுப்பிலேயே நான்கு வகைத் திசுக்களும் இருக்கின்றன.

குர்பானி இறைச்சி பங்கிடும் வீடுகளில் ஈரலைத் தெரியாதவர் இல்லை. ஆனால் 'ஈரல்' என்று முடியும் உறுப்புகள் மூன்று; மூன்றும் வெவ்வேறு வேலை செய்பவை. கல்லீரல் வயிற்றின் வலது மேற்பகுதியில் விலா எலும்புகளுக்கு உள்ளே இருக்கிறது. பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் மண்ணீரல். மனிதனுக்கு அது இடப்புறம், இரைப்பையை ஒட்டி இருக்கிறது. நுரையீரலோ மார்புக்குள் இருபக்கமும். இதயம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் இடது நுரையீரலுக்கு 2 மடல்கள்தான், வலதுக்கு 3.

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பு உதரவிதானம். இதயம் அதன் மேல் அமர்ந்திருக்கிறது. இரைப்பை அதன் கீழே. இரண்டிலிருந்தும் வரும் நரம்புகள் தண்டுவடத்தில் அருகருகே சேர்வதால், மாரடைப்பின் வலி சிலருக்கு மேல் வயிற்றில் தெரியும். தாடை, முதுகு, இடது கையிலும் தெரியலாம். 'கேஸ் பிடித்திருக்கிறது' என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக் காத்திருப்பது நம் வீடுகளில் சாதாரணம். வலியோடு வியர்வையோ மூச்சுத் திணறலோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். குடல்வால் அழற்சியும் ஏமாற்றக்கூடியதே. பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி வலி தொடங்கி, பிறகுதான் வலது அடிவயிற்றுக்கு இறங்கும்.

இதயம் பற்றிய அறிவில் நம் முன்னோர்க்குப் பெரும் பங்கு உண்டு. இதயத்தின் நடுச்சுவரில் உள்ள துளைகள் வழியே இரத்தம் வலமிருந்து இடம் செல்கிறது என்றே கிரேக்க மருத்துவர் கேலனின் காலம் முதல் நம்பினார்கள். 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் பணியாற்றிய இப்னு அந்நஃபீஸ், இப்னு ஸீனாவின் அல்-கானூன் நூலிலுள்ள உடற்கூறியலுக்கு எழுதிய விரிவுரையில் அதை மறுத்தார். அப்படித் துளைகளே இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார். அவர் இறந்தது 1288இல். இந்தக் கையெழுத்துப் பிரதியை எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லினில் கண்டறிந்து உலகுக்குச் சொன்னது 1924இல்தான்! மூளையின் உறைகளை இலத்தீனில் இன்றும் 'தாய்' என்று பொருள்படும் சொல்லால் அழைப்பதும், அரபு மருத்துவர்கள் 'உம்மு' என்றழைத்ததன் மொழிபெயர்ப்பே.

திசைகளுக்கு வருவோம். நேராக நின்று, முன்னோக்கிப் பார்த்து, உள்ளங்கைகளை முன்புறம் காட்டிய நிலையை வைத்தே உடற்கூறியலில் திசை சொல்வார்கள். ஆள் எப்படி இருந்தாலும் அது மாறாது. ஸஜ்தாவில் முதுகு மேல்நோக்கி இருந்தாலும் முதுகு 'பின்புறம்'தான், தலை 'மேல்'தான். இடம், வலம் என்பதும் நோயாளியின் இடம் வலமே, பார்ப்பவருடையது அல்ல. எக்ஸ்ரே படத்தை நேரே பிடித்துப் பார்த்தால், நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதுபோல் இருக்கும். அவருடைய வலப்பக்கம் நமது இடக்கைப் பக்கம் வரும். படத்தின் மூலையில் உள்ள எழுத்து அடையாளத்தை முதலில் பாருங்கள்.

சிறுநீரகம், கண், முழங்கால் போல இரண்டாக உள்ள உறுப்புகளில் இந்தக் கவனம் மிகவும் தேவை. தவறான பக்கத்தில் அறுவைச் சிகிச்சை நடந்துவிடாமலிருக்க, உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியல், சிகிச்சை செய்யும் இடத்தை முன்கூட்டியே உடலில் குறித்திருக்க வேண்டும் என்கிறது. மயக்க மருந்து தருவதற்கு முன் எந்தப் பக்கம் என்று உங்களிடமே கேட்பார்கள். கேட்கவில்லை என்றால், கூட வந்திருப்பவராவது தயங்காமல் கேட்கலாம்.