நாற்பது விழுக்காடும் துக்கடாவும்

2010ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் தேதி நம் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கார் ஆலை திறக்கப்பட்டது. அதற்கு ஒன்றரை மாதம் முன்பு, ஜனவரி 31ஆம் தேதி, அமெரிக்காவில் கிராமி விருது விழா நடந்தது. அதில் 'மாற்று இசை' என்ற பிரிவில் சிறந்த ஆல்பமாகப் பரிசு பெற்றது பீனிக்ஸ் என்ற ராக் குழுவின் 'வொல்ஃப்காங் அமதேயுஸ் பீனிக்ஸ்'. மொத்சார்ட்டின் முதற்பெயரைத் தங்கள் குழுவின் பெயரோடு ஒட்டவைத்த குறும்பு அது. பாடியவர்கள் பிரான்சில் வெர்சாய் ஊரைச் சேர்ந்த நான்கு பேர். ஆலைக்கும் ஆல்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைதான். பிரெஞ்சுச் சரக்கு வெளிச்சந்தைக்குப் போன கதை என்ற அளவில் இரண்டும் ஒன்று. காரைப் பற்றி எழுத இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

ராக் இசை நம் வயதுக்காரர்களுக்குத் தலைவலி என்று பெயர். எனக்கும் அதில் பெரிய ஞானம் இல்லை. எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஆலைப் பையன் ஒருவன், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று கேள்விப்பட்டு வந்தான். "சார், இது பிரெஞ்சுக் குழுன்னு போட்டிருக்கு. ஆனா பாட்டெல்லாம் இங்கிலீஷா இருக்கே, ஏன்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பிரான்சிலேயே பல வருஷமாகக் கேட்கப்படும் கேள்வி அது.

முதலில் ஆல்பத்தைச் சொல்லிவிடுகிறேன். 2009 மே மாதம் வந்தது. பத்துப் பாட்டு, மொத்தம் நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் சின்னக் கம்பெனிகள் மூலம் வெளியிடுகிறவர்களை 'இண்டி' என்பார்கள். அமெரிக்காவில் இதை வெளியிட்டதும் அப்படி ஒரு சின்ன நிறுவனம்தான். ஒரு பாட்டுக்குப் பெயர் '1901'. அந்தக் காலத்துப் பாரீஸைப் பற்றியது. இன்னொன்று 'லிஸ்ட்டோமேனியா'. அந்தச் சொல் கவிஞர் ஹைன் 1844இல் உண்டாக்கியது. பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் வாசித்த ஊர்களில் பெண்கள் அவருடைய கையுறைக்கும் கைக்குட்டைக்கும் அடித்துக்கொண்டார்களாம். ரசிகர்களின் அந்தப் பித்துக்குக் கவிஞர் வைத்த பெயர் இது. எம்.கே.டி. வந்த ரயிலடிகளில் கூடிய கூட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்? மெட்டையும் சுறுசுறுப்பையும் பெரும்பாலோர் புகழ்ந்தார்கள். நடுவில் ஏழு நிமிடத்துக்கு மேல், ஏறக்குறைய பாட்டே இல்லாமல் வாத்தியம் மட்டும் ஓடும் ஒரு பகுதி இரண்டு துண்டாக வருகிறது. அது சிலருக்கு உயிர். சிலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். '1901' ஒரு அமெரிக்கக் கார் விளம்பரத்தில் ஒலித்தபோது பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். எல்லாரும் வந்து நின்ற இடம் ஒன்று உண்டு: சொற்களுக்குப் பொருள் புரியவில்லை. பாடகர் தோமா மார்ஸின் ஆங்கிலம், ஆங்கிலேயருக்கே பிடிபடாத விதமாகத் துண்டு துண்டாக இருக்கிறது. ஓசைக்காகச் சொல்லைப் பொறுக்கியது போலத் தோன்றும். அதுதான் அழகு என்பவர் பாதி, அதுதான் குறை என்பவர் மீதி.

எனக்கு இதில் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் வகுப்பில் ஏழெட்டு வயதில் பிரெஞ்சுக் கவிதைகளை வரி பிசகாமல் ஒப்பிப்போம். பொருள் பாதிக்கு மேல் தெரியாது. ஆனால் அந்த ஓசை இன்னும் நாக்கில் இருக்கிறது. பொருளுக்கு முன்னால் ஓசை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அந்நிய மொழியில் படித்தவர்களுக்குத் தெரியும்.

ரசனைக் கருத்து ஒன்று குழுவின் தலையெழுத்தையே மாற்றிய கதையும் இவர்களோடு சேர்ந்தது. பீனிக்ஸில் கிட்டார் வாசிக்கும் லொரான் பிராங்கோவிட்ஸ், அதற்கு முன் 1992 வாக்கில் இரண்டு நண்பர்களோடு 'டார்லின்' என்ற குழுவில் இருந்தார். அவர்கள் இசைத்தட்டைக் கேட்ட லண்டன் பத்திரிகை விமர்சகர் ஒருவர், அசட்டுத்தனமான பங்க் இரைச்சல் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். குழு கலைந்தது. லொரான், தம்பி இருந்த பீனிக்ஸுக்குப் போனார். மற்ற இருவரும் அந்த வசவையே பெயராக எடுத்துக்கொண்டு 'டாஃப்ட் பங்க்' ஆனார்கள். உலகப் புகழ் பெற்றார்கள். திட்டிய விமர்சகர் இப்படிப் பெயர் சூட்டிய புரோகிதராகிப் போனார்.

இனி மொழி விஷயம். 1994 பிப்ரவரி 1ஆம் தேதிச் சட்டம் ஒன்று பிரான்சில் உண்டு. மிஷெல் பெல்ஷா என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம். தனியார் வானொலிகள் ஒலிபரப்பும் பாட்டுகளில் குறைந்தது 40 விழுக்காடு பிரெஞ்சு மொழிப் பாட்டாக இருக்க வேண்டும். அதில் பாதி புதியவர்களுடையதோ புதிய வெளியீடோ ஆக இருக்க வேண்டும். 1996 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஆங்கிலப் பாட்டு வானொலியை விழுங்குகிறது என்ற பயம்தான் காரணம்.

குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவனுக்குச் சட்டத்தில் எண்ணை விட ஷரத்துதான் கண்ணில் படும். இந்த 40 விழுக்காடு, மக்கள் கணிசமாகக் கேட்கும் நேரத்தில் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஏன் அந்தச் சொற்கள்? இல்லாவிட்டால் நிலையத்தார் பிரெஞ்சுப் பாட்டையெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்குப் போட்டுக் கணக்கை நேர் செய்துவிடுவார்கள். சட்டம் எழுதியவர் யாரோ ஆபீஸ் தந்திரம் அறிந்தவர்.

இதைப் படித்தபோது எனக்கு 'துக்கடா' ஞாபகம் வந்தது. நம் ஊரில் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டே பாடவில்லை என்று ஒருகாலும் சொல்ல முடியாது. பாடினார்கள். எப்போது? ராகம் தானம் பல்லவி முடிந்து, பாதிக் கூட்டம் எழுந்து மேல்துண்டை உதறும் வேளையில், கடைசியில் துக்கடாவாக. அதற்கு முன் மூன்று மணி நேரம் தெலுங்கு. கேட்கிறவருக்குப் பொருள் தெரியாது, பாடுகிறவரிலும் பலருக்குத் தெரியாது. பொருளறியாமல் அதே சில கீர்த்தனைகளையே திரும்பத் திரும்பப் பாடுவதைப் பாரதியாரே 'சங்கீத விஷயம்' கட்டுரையில் கடிந்துகொண்டார்.

1941இல் அண்ணாமலை நகரில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஆதரவில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று கேட்டார்கள். உயர்ந்த சங்கீதத்தின் தரத்தை மொழியைக் காரணம் காட்டிக் குறைக்கக் கூடாது என்று சென்னை மியூசிக் அகாதமி வட்டாரம் பதில் சொன்னது. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் சங்கீத விமர்சனம் எழுதிப் பெயர் பெற்ற கல்கி, தமிழிசைக்காகப் பேனாவை எடுத்தார். ராஜாஜியும் ரசிகமணி டி.கே.சி.யும் அந்தப் பக்கம். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. சங்கீதத்துக்கு மொழி இல்லை என்று ஒரு கட்சி. மொழி இல்லாவிட்டால் துக்கடாவுக்கு மட்டும் ஏன் தமிழைத் தேடுகிறீர்கள் என்று மறு கட்சி. இரண்டாவது கேள்விக்கு இதுவரை யாரும் திருப்தியாகப் பதில் சொல்லி நான் பார்க்கவில்லை.

தியாகராஜரைக் கேட்டுக் கண் கலங்கியவன்தான் நானும். தெலுங்கு எனக்குத் தெரியாது. ஆகவே பொருள் புரியாத பாட்டு பாட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த மொழிக்குக் கூட்டம் நிறைந்த வேளை, எந்த மொழிக்கு எழுந்து போகும் வேளை என்று முடிவு செய்வது சங்கீதம் அல்ல. அது அதிகாரம்.

பிரெஞ்சுச் சட்டத்தால் என்ன விளைந்தது? யாரும் எதிர்பாராத ஒன்று. நிலையங்களுக்குத் திடீரென்று பிரெஞ்சுப் பாட்டு நிறையத் தேவைப்பட்டது. இருந்த பழைய சரக்கு போதவில்லை. புறநகர்ப் பிள்ளைகள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறியவர்களின் மக்கள், பிரெஞ்சில் ராப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு வழி திறந்தது. மொழியைக் காப்பாற்றப் போட்ட வேலி, அந்த மொழியின் இலக்கணக்காரர்கள் விரும்பாத பிரெஞ்சுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தது. அதே ஆண்டுகளில் வெர்சாய் வட்டாரத்தின் ஏர், பீனிக்ஸ் போன்ற வசதியான ஊர்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பாடி வெளிநாட்டில் பேர் வாங்கினார்கள். கிராமி வாங்கிய ஆல்பத்தின் பாட்டுகளைப் பாரீஸ் வானொலி போட்டால், அவை பிரெஞ்சுப் பாட்டுக் கணக்கில் ஏறாது. பாடியவர் பிரெஞ்சுக்காரர், பாட்டு அந்நியம்.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தக் கணக்கு வெளிப்படையாக வந்து நின்றது. தொடக்க விழாவில் பாட ஆயா நக்கமுரா பெயர் அடிபட்டது. மாலி நாட்டு பமாகோவில் பிறந்து, பாரீஸ் புறநகரில் வளர்ந்த பெண். பிரெஞ்சில்தான் பாடுகிறார். தெருவழக்கும் பமாகோ வாடையும் கலந்த பிரெஞ்சு. இது பாரீஸ், பமாகோச் சந்தை அல்ல என்ற பொருளில் தீவிர வலதுசாரிகள் சிலர் பதாகை பிடித்தார்கள். ஜூலை 26ஆம் தேதி மழையில், பிரெஞ்சு மொழியின் காவல் சபையான அகாதெமி இருக்கும் கட்டடத்தின் முன்னால், குடியரசுக் காவற்படை வாத்தியக் குழுவோடு அவர் பாடினார். தம் பாட்டுக்கு நடுவே அஸ்னவூரின் பாட்டு ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். அஸ்னவூர் புதுச்சேரிப் பெரியவர்களுக்குத் தெரிந்த பெயர். ஆர்மீனிய வம்சாவளிக் குடும்பம். அந்தப் பாட்டோ, ஆங்கிலச் சொல்லையும் பிரெஞ்சுச் சொல்லையும் வேண்டுமென்றே கலந்து விளையாடும் பாட்டு. இன்று அது பிரெஞ்சுப் பாட்டின் பொக்கிஷம்.

ஆகஸ்ட் 11ஆம் தேதி நிறைவு விழாவில் பீனிக்ஸ் மேடையேறியது. 'லிஸ்ட்டோமேனியா', '1901' இரண்டையும் பாடினார்கள், ஆங்கிலத்தில். பாடியவர்களின் மொழி பற்றிப் பதாகை பிடித்ததாக நான் படித்த பத்திரிகை எதிலும் செய்தி இல்லை.