வெயிலுக்கும் உறுதி எழுதலாம்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் ஒரு காலத்தில் ஓட்டு வீடுகளே நிறைந்திருந்தன. யுத்த காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து மக்கள் வந்து சேரச் சேர, அவ்வீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. 2016 இல் அரசாங்கம் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தைத் தொடங்கியபின், எஞ்சிய கூரைகளில் சூரியப் படலங்கள் ஏறின. கடன்பட்டுப் படலம் பூட்டியவரின் பக்கத்துக் காணியில் நாளை ஏழு மாடி எழுந்தால் என்ன செய்வது?

கேள்வி புதிதன்று. ஒருவரின் வெளிச்சத்தை அயலவர் மறைக்கலாகாது என்னும் உரிமை ஏற்கெனவே நிலைநாட்டப்பட்டிருந்தால், வெயில் இன்றியமையாத கூடத்தின் மீது மர நிழல் விழச் செய்வதும் அவ்வுரிமையை மீறுவதே என உரோமச் சட்ட அறிஞர் உல்பியன் எழுதினார். 533 இல் ஜஸ்டினியன் பேரரசரின் சட்டத் தொகுப்பில் அக்கருத்து இடம்பெற்றது. 1656 இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தருடன் உரோம-டச்சுச் சட்டம் இங்கு வந்தது. ஆங்கிலேயரும் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் அதனைத் தொடர்ந்து நிலைக்க விட்டனர். இன்றும் நமது பொதுச் சட்டத்தின் அடித்தளம் அதுவே.

சட்டத்தை விடுத்துச் சூரியனைப் பார்ப்போம். தெற்கு நோக்கிச் சாய்த்தால் போதும் என்பது ஐரோப்பியருக்குப் பொருந்தும் அறிவுரை. கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட ஐந்து மாதங்களும் அது வடக்கே சாய்ந்திருக்கும். எனவே 20 மீற்றர் உயரக் கட்டடமொன்றின் நண்பகல் நிழல் டிசெம்பர் பிற்பகுதியில் வடக்கே சுமார் 12 மீற்றரும், ஜூனில் தெற்கே சுமார் 6 மீற்றரும் நீளும். ஏப்ரலில் பிற்பகல் மூன்று மணியளவில் அதே நிழல் கிழக்கே சுமார் 20 மீற்றர் வரை செல்லும். ஆகவே நமக்குக் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள அயலவரே முதலில் கவனிக்கப்பட வேண்டியவர்கள்.

சுவரோடு சுவர் ஒட்டிய கொட்டாஞ்சேனை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாடி உயர்த்தினாலே போதும். நமது நீர்த்தாங்கியே நிழல் தருவதும் உண்டு. படலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருந்தால், ஒன்றின் மீது விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைத்துவிடும்.

உல்பியனின் கூற்றில் நான் முக்கியமாகக் கருதுவது ஒரு நிபந்தனையையே: உரிமை முன்னரே ஏற்படுத்தப்பட்டிருக்க வேண்டும். நிழல் விழுந்தபின் முறையிடுவதைவிட, விழுமுன் அயலவருடன் பேசி நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிவதே உத்தமம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி சார்ந்த உரிமைகள் அவ்வாறு எழுதப்பட்டாலே செல்லும். வழிப்பாதைக்கு உறுதி எழுதிப் பழகிய சமூகம் நாம். வெயிலுக்கும் எழுதலாம்.