டிராஃப்ட் பிறந்த கதை

கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும் நாட்களில் எனக்கு ஆட்டத்தைவிடக் கேலரிப் பேச்சுதான் சுவை. களத்தில் ஒருவன் ரீபவுண்டுக்கு எம்புகிறான். பக்கத்திலிருந்த பெரியவர் பந்தைப் பார்க்கவில்லை. “கை நீளமுங்க. ஐ.ஓ.பி.காரங்க பாத்தா உடமாட்டாங்க” என்றார். “போஸ்ட் இருக்கோணுமுல்லீங்க?” என்றார் பின்வரிசைக்காரர்.

நம் பக்கம் கல்லூரி ஆட்டக்காரரின் எதிர்காலம் வங்கி, ரயில்வே, ராணுவம் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போய் முடியும். அமெரிக்காவில் அதற்கு டிராஃப்ட். கல்லூரிப் பையன்களை எடைபோட்டு, அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் நாள். திறமையைத் தேடிப் பிறந்த ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சம்பளத்தைக் கட்டிப்போடப் பிறந்தது அது.

பெர்ட் பெல் என்பவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் முதலாளி. அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நல்ல ஆளைப் பேசப் போனால் வசதியான அணிகள் விலையை ஏற்றிவிட்டன. 1935இல் சக முதலாளிகளிடம் ஒரு யோசனை சொன்னார்: கடைசி இடத்தில் நிற்பவர் முதலில் எடுக்கட்டும், ஒருவர் எடுத்த ஆளிடம் இன்னொருவர் பேசக் கூடாது. சூட்சுமம் இரண்டாவதில் இருக்கிறது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு காளைக்கு ஒரே வியாபாரிதான் விலை கேட்கலாம் என்றால், துண்டுக்கடியில் விரல் பிடிக்கும் வேலையே இராது. (மனிதனை மாட்டோடு ஒப்பிடலாமா என்றால், முதலில் ஒப்பிட்டது நானல்ல.)

1936இல் முதல் டிராஃப்ட். பலகையில் 90 பெயர்கள். வேவு பார்க்க ஆளில்லை; பத்திரிகையில் படித்ததும் காதில் விழுந்ததும்தான் கணக்கு. முதலில் எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் அந்தக் கால்பந்து லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

கூடைப்பந்து 1947இல் இதை இரவல் வாங்கியது, ராசியோடு சேர்த்து. முதல் ஆள் கிளிஃப்டன் மெக்நீலி பள்ளிப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அவரை எடுத்த பிட்ஸ்பர்க் அயர்ன்மென் அணியே கலைந்துபோனது.

ஒருவரை எடுத்தால் அடுத்தவர் கைநழுவுவார் என்றானபின்தான் அளவெடுப்பு வளர்ந்தது. வெறுங்காலில் உயரம், விரித்த கைகளின் நீளம், எம்பும் உயரம், 84 கிலோ எடையைப் படுத்தபடி எத்தனை முறை தூக்குகிறான் என்பது வரை. காங்கேயம் காளைக்குச் சுழி பார்ப்பவர்கள் இந்த அளவெடுப்பவர்களிடம் தோற்றார்கள். 2007இல் கெவின் டியூராண்ட் அந்த எடையை ஒருமுறைகூடத் தூக்கவில்லை; ஆனாலும் இரண்டாவதாகப் போனார், பெரும் ஆட்டக்காரரானார். 2014இல் நிகோலா யோகிச்சை 40 பேருக்குப் பிறகுதான் எடுத்தார்கள். அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது டிவியில் தின்பண்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாளில் மூன்று முறை லீகின் சிறந்த ஆட்டக்காரர் அவர்.

2015இல் 52ஆவது பெயர் பஞ்சாபின் சத்னாம் சிங். டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர். டல்லாஸ் அணி எடுத்தது, என்.பி.ஏ. என்ற அந்தக் கூடைப்பந்து லீகின் களத்தில் ஒரு ஆட்டமும் வாய்க்கவில்லை. பிறகு மல்யுத்தத்துக்குப் போனார்.

இடைவேளையில் இதைச் சொன்னேன். உயரம் கேட்டார் பெரியவர்.

“7 அடி 2 அங்குலமுங்க.”

“அடப்பாவமே. பேங்க்ல சேந்திருந்தா இன்னேரம் சீனியாரிட்டில ஆபீசர் ஆயிருப்பானுங்களே.”