புதைந்த வண்டியை இழுத்தவர்கள்: திடிம் சாலையிலிருந்து சோஜி லா வரை

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய நூல்களில் ஜீப்புக்கு ஏறக்குறைய ஒரு வீரனுக்குரிய இடம் கிடைத்திருக்கிறது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளைச் செய்தன. எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போவதால் சாலையற்ற நிலத்திலும் அது செல்லும் என்பதே புகழுக்குக் காரணம். இதில் பாதிதான் உண்மை. நான்கு சக்கர இயக்கம், வண்டி சேற்றில் சிக்குவதை ஒழிக்கவில்லை. சிக்கும் இடத்தைப் பணிமனையிலிருந்து தொலைவுக்குத் தள்ளியது. பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் லாரி மலையடிவாரத்திலேயே நின்றுவிடும். ஜீப் மலையின் நடுவே, மனித நடமாட்டமே அரிதான ஒரு வளைவில் நிற்கும். அங்கிருந்து அதை வெளிக்கொணர்ந்தவர் யார், எப்படி என்று கேட்கத் தொடங்கினால் வடகிழக்கு எல்லைப் போரின் வரலாறு வேறு முகம் காட்டுகிறது.

மீட்க முடியாமற்போன வண்டிகளிலிருந்து தொடங்குவதே முறை. 1942 மே மாதம் பர்மாவிலிருந்து பின்வாங்கிய படை, சிந்துவின் ஆற்றின் கீழ்க்கரையில் ஷ்வேஜின் என்னும் துறைக்கு வந்து சேர்ந்தது. ஆற்றைக் கடக்கப் போதிய படகுகள் இல்லை, எதிரியோ நெருங்கிவிட்டான். 7ஆம் கவசப் படையணியின் ஸ்டூவர்ட் டாங்கிகளைக் கரையிலேயே அழிக்க வேண்டியதாயிற்று. எண்ணெயை வடித்துவிட்டு, இறுகி நிற்கும்வரை எஞ்சின்களை ஓடவிட்டார்கள். ஆற்றைத் தாண்டியது ஒரேயொரு டாங்கி. பின்னர் அது சுழல்மேடை நீக்கப்பட்டு, இந்தியப் படையின் 7ஆம் லைட் கேவல்ரிக்குக் கட்டளை வண்டியாயிற்று. இந்தக் குதிரைப்படைப் பெயர் கொண்ட டாங்கிப் படைப்பிரிவை மீண்டும் சந்திக்க வேண்டியிருக்கும்.

அதுவரை பழுதுபார்ப்பு பல துறைகளிடையே சிதறிக்கிடந்தது. ஆயுதக்கிடங்குத் துறை ஒருபக்கம், போக்குவரத்துத் துறை இன்னொரு பக்கம், பொறியாளர்கள் வேறொரு பக்கம். பிரிட்டனில் 1942 அக்டோபர் 1 அன்றும் இந்தியாவில் 1943 மே 1 அன்றும் மின் மற்றும் இயந்திரப் பொறியாளர் படை தனித்துறையாக அமைக்கப்பட்டது. இது வெறும் நிர்வாக மாற்றமன்று. வண்டியை ஓட்டுவதும், அதைப் பழுதுபார்ப்பதும், விழுந்த இடத்திலிருந்து அதை எடுத்துவருவதும் மூன்று வெவ்வேறு தொழில்கள் என்பதை அரசு முதன்முறையாக ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. இலகு உதவிப் பிரிவு எனப்பட்ட சிறு குழுக்கள் போரிடும் படையோடு சேர்ந்தே நகர்ந்தன. முடிந்ததை அங்கேயே சரிசெய்வதும், முடியாததைப் பின்னுள்ள பணிமனைக்கு இழுத்துச் செல்வதும் அவற்றின் வேலை.

இழுப்பது என்ற சொல் எளிது, செயல் எளிதன்று. படைத்துறை மீட்புக் கையேடுகளில் பின்னாளில் நிலைபெற்ற ஒரு கணக்கு உண்டு. சக்கரத்தின் உயரத்திற்கு வண்டி புதைந்தால், அதை அசைக்க வண்டியின் முழு எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். சக்கரத்தின் மேலுள்ள மட்கார்டு வரை புதைந்தால் இருமடங்கு. ஓட்டுநர் அறைவரை என்றால் மும்மடங்கு. ஆறு டன் எடையுள்ள லாரியைக் கழுத்தளவுச் சேற்றிலிருந்து எடுக்க ஏறத்தாழ 18 டன் இழுவிசை தேவை என்று பொருள். எந்த ஒற்றை வின்ச்சும் இதை நேராக இழுக்காது. எனவே கம்பி வடத்தைக் கப்பி வழியே திருப்புவார்கள். ஒரு கப்பி சேர்ந்தால் விசை இருமடங்காகும், வேகம் பாதியாகும், வடத்தின் நீளம் இருமடங்கு வேண்டியிருக்கும். வடத்தின் மறுமுனையைக் கட்டுவதற்கு அசையாத ஒன்று வேண்டும். பெருமரம் இருந்தால் நல்லது. மரம் இல்லாத சரிவில் குழி வெட்டி, ஒரு பெருங்கட்டையைக் குறுக்காகப் புதைத்து, அதன் நடுவில் வடத்தைக் கட்டுவார்கள். மழையில் ஊறிய மண் அந்தக் கட்டையை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கும் என்று கணிப்பதற்கு எந்த அட்டவணையும் உதவாது. மண்ணைத் தொட்டுப் பழகிய கை வேண்டும். கணிப்பு தவறினால் கட்டை பிய்த்துக்கொண்டு வரும், அல்லது வடம் அறுந்து சாட்டையாய் வீசும். அதன் வீச்சில் நின்றவர் பிழைப்பது அரிது.

இந்தத் தொழில் முழு அளவில் சோதிக்கப்பட்ட களங்களுள் ஒன்று திடிம் சாலை. இம்பாலிலிருந்து தெற்கே சின் மலைகளுக்குள் ஏறத்தாழ 260 கி.மீ. செல்லும் பாதை அது. இம்பால் முற்றுகை உடைந்தபின் 1944 மழைக்காலம் முழுதும் 5ஆம் இந்திய டிவிஷன் அப்பாதையில் எதிரியைத் துரத்திச் சென்றது. திடிமை நெருங்கும்போது பாதை 7 மைலில் 3,000 அடி ஏறுகிறது; அதற்குள் 38 கொண்டை ஊசி வளைவுகள். படையினர் அதற்குச் ‘சாக்லேட் படிக்கட்டு’ என்று பெயரிட்டார்கள். கப்பி போடாத மண் பாதை. மனிதரும் கோவேறு கழுதைகளும் வண்டிகளும் மிதித்து அதைக் கணுக்கால் ஆழச் சேறாக்கிவிட்டிருந்தனர். பெயரில் உள்ள நகைச்சுவை அங்கே வண்டியோட்டியவர்களுக்கு இனித்திருக்காது.

ஒற்றை வண்டி மட்டுமே செல்லக்கூடிய மலைப்பாதையில் நின்றுபோன வண்டி ஒரு தனி நஷ்டமாக இருப்பதில்லை. பின்னால் வரும் அத்தனை வண்டிகளையும் அது நிறுத்திவிடுகிறது. ஆகவே மீட்புக் குழுவின் முதற்கடமை வண்டியைக் காப்பதா, பாதையைத் திறப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு வளைவிலும் எழும். சமவெளியில் இரண்டும் ஒன்றே. மலையில் இரண்டும் அடிக்கடி மோதும். நேரமில்லாதபோது வண்டியைப் பள்ளத்தில் தள்ளிவிடுவதே தீர்வு. இயந்திரப் பெருக்கத்தின் காலம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காலத்தில், இயந்திரத்தைக் கைவிடும் முடிவை எடுக்கும் பொறுப்பு ஒரு சார்ஜெண்டின் தோளில் இருந்தது.

வின்ச்சும் கப்பியும் இருந்த இடத்திலும் கைகள் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. சக்கரத்தடியில் மண்ணைத் தோண்ட வேண்டும், மூங்கிலும் மரக்கிளைகளும் வெட்டிப் பரப்ப வேண்டும், சரிந்த பாதையை மீண்டும் வெட்ட வேண்டும். திமாப்பூரிலிருந்து இம்பால் செல்லும் மணிப்பூர் சாலையை 1942 முதல் அகலப்படுத்தியவர்களுள் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரவர். இந்தியத் தேயிலைச் சங்கம் அவர்களைத் திரட்டி அனுப்பியது. ஒரு தலைமுறைக்கு முன் சோட்டா நாக்பூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் அவர்களில் பல. நாகர்களும் குக்கிகளும் சுமை தூக்கினார்கள். லெடோ சாலையில் பணியாற்றிய ஏறத்தாழ 15,000 அமெரிக்கப் படையினரில் பத்தில் ஆறு பேர் கறுப்பினத்தவர். 1945 ஜனவரி 12 அன்று லெடோவிலிருந்து புறப்பட்ட 113 வண்டிகளின் முதல் அணி பிப்ரவரி 4 அன்று குன்மிங்கை அடைந்தபோது படமெடுக்கப்பட்டவை வண்டிகள்தாம்.

போருக்குப் பின் இந்த அறிவு படையோடு தங்கியது. 1948இல் லடாக்கைத் துண்டித்திருந்த சோஜி லா கணவாயை மீட்கச் செப்டம்பரில் நடந்த தாக்குதல் பலிக்கவில்லை. அப்போது மேஜர் ஜெனரல் திம்மய்யா, ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாய்க்கு டாங்கிகளைக் கொண்டுவரத் திட்டமிட்டார். வந்தவை 7ஆம் லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள். சுழல்மேடைகளைக் கழற்றி மறைவாகக் கொண்டுவந்தார்கள். எடை தாங்காத பாலங்களில் டாங்கிகளை வின்ச் கொண்டு இழுத்துக் கடத்தினார்கள். பால்தாலிலிருந்து கணவாய்க்கு ஏறும் கோவேறு கழுதைத் தடத்தை மதராஸ் சாப்பர்ஸ் படையின் இரண்டு கம்பெனிகள் வண்டித் தடமாக்கின. நவம்பர் 1 அன்று டாங்கிகள் கணவாயில் நுழைந்தன. சேற்றில் புதைந்ததை வெளியே இழுக்கக் கற்ற கலை, பனிமலையில் வண்டியை மேலே ஏற்றப் பயன்பட்டது என்பதைச் சோஜி லா பற்றிய வீரக்கதைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங்கின் துணிவு கொண்டாடப்பட வேண்டியதே. அந்தத் தடத்தைக் கல்லில் வெட்டிய சாப்பர்களின் வாரங்கள் அதே நூல்களில் ஒரு பத்தியைக்கூட நிரப்புவதில்லை.

இதைச் சான்று இல்லாத குறை என்று சொல்லித் தப்ப முடியாது. தென்கிழக்கு ஆசியப் போர்க்களத்துப் படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகள் லண்டனின் தேசிய ஆவணக்காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்னும் வரிசையில் உள்ளன. காலாட்படைகளின் நாட்குறிப்புகளையே ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்கள். பணிமனைகளின் குறிப்புகளைத் தேடிச் செல்பவர் குறைவு. போர் எங்கே நடந்தது என்று முன்னவை சொல்லும். அது எந்த வளைவில் எத்தனை நாள் நின்றது, எப்படி மீண்டும் நகர்ந்தது என்பதைப் பின்னவற்றில்தான் தேட வேண்டும்.