காயலான் கடை நாய்கள்

ஜார்ஜியா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் டிஃபன்ஸ் (தற்காப்பு) பயிற்சியாளர் எர்க் ரஸ்ஸல் அங்கிருந்து கிளம்பிய 1981-ஆம் ஆண்டுக் கதையை இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு முன்னால் அவருடைய தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பளபளக்கும் மொட்டைத் தலை. ஆட்டத்துக்கு முன்னால் பையன்கள் ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருப்பார்கள். வெறுந்தலையோடு அவர்களுக்கு நடுவே நுழைவார் ரஸ்ஸல். எதிரே வருபவனின் ஹெல்மெட்டில் தன் நெற்றியால் ஓங்கி ஒரு முட்டு. அடுத்தவனுக்கும் அப்படியே. தோல் கிழிந்து, ரத்தம் புருவத்தைத் தாண்டி மூக்கோரமாக இறங்கும். துடைக்க மாட்டார். அதே முகத்தோடுதான் மைதான ஓரத்தில் நிற்பார்.

கூட்டத்தைக் கவர்வதற்கான வித்தை என்று இதை ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிஃபன்ஸ் ஆடுகிறவனுக்குக் கிடைப்பதெல்லாம் அடி. பந்தைக் கையில் பிடித்து ஓடும் சந்தோஷம் அவனுக்கு இல்லை. ஓடி வருகிறவன் மேல் போய் விழுவதுதான் அவன் வேலை. அந்த வேலையை இருபது வயதுப் பையனிடம் கேட்பதற்கு முன்னால், ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர் தன் பங்கு ரத்தத்தைக் கொடுத்துவிடுகிறார். நான் அதை அப்படித்தான் படிக்கிறேன்.

பர்மிங்ஹாமின் என்ஸ்லி பகுதியில், எஃகு ஆலைகளுக்கு நடுவே 1926-ல் பிறந்தவர். ஆபர்ன் கல்லூரிக்காகக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், டென்னிஸ் என நான்கு விளையாட்டுகளிலும் ஆடியவர். 1964 சீசனுக்காக ஜார்ஜியா அணியைத் தலைமைப் பயிற்சியாளராக ஏற்றுக்கொண்ட வின்ஸ் டூலி, ரஸ்ஸலைவிட ஆறு வயது இளையவர். தம்பி வயதுக்காரருக்குக் கீழே பதினேழு சீசன்கள் வேலை பார்த்தார் ரஸ்ஸல். டூலியை நான் வில்லனாக்க மாட்டேன். தன்னைவிட மூத்தவரை அழைத்துவந்து, டிஃபன்ஸை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கவும் ஒரு பெருந்தன்மை வேண்டும். ஆனால் ஏடுகளில் வெற்றிகள் எல்லாம் டூலியின் பெயரில்தான் ஏறின.

1974 ஜார்ஜியாவுக்கு மோசமான ஆண்டு. ஆறு வெற்றி, ஆறு தோல்வி. அடுத்த ஆண்டு ரஸ்ஸலின் கையில் இருந்தவர்களைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வந்திருக்காது. மெலிந்த பையன்கள். சிலர் வேறு இடங்களில் ஆடிவிட்டு டிஃபன்ஸுக்கு மாற்றப்பட்டவர்கள். உதவித்தொகை கொடுத்து யாரும் அழைக்காமல் தாங்களாகவே வந்து சேர்ந்தவர்களும் உண்டு. இவர்களுக்கு ரஸ்ஸல் ஒரு பெயர் வைத்தார்: 'ஜங்க்யார்ட் டாக்ஸ்'. நம் பேச்சில் சொன்னால், காயலான் கடை நாய்கள்.

அந்த நாயை நமக்குத் தெரியும். விலா எலும்பு தெரியும். நல்ல சோறு கண்டிருக்காது. அது காவல் காக்கும் இடத்தில் துருப்பிடித்த தகரத்தையும் ஓட்டை வாளியையும் தவிர ஒன்றும் இருக்காது. ஆனாலும் வேலிக்குள் ஒரு காலை வைத்துப் பாருங்கள். இல்லாதவன் தன் இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டான் என்ற விஷயத்தை ரஸ்ஸல் அந்தப் பெயரிலேயே வைத்திருந்தார்.

ஆட்டமும் பெயருக்கு ஏற்றபடிதான். 110 கிலோ மனிதனை 85 கிலோ பையன் தனியாகச் சாய்க்க முடியாது. ஆகவே தனியாகப் போகக் கூடாது. ஒருவன் காலைக் கவ்வ வேண்டும், அடுத்தவன் இடுப்பில் மோத வேண்டும், மூன்றாமவன் பந்தைத் தட்டிவிட வேண்டும். ஆட்டம் எந்தப் பக்கம் போனாலும் எதிர்ப்பக்கம் நிற்பவனும் ஓடிவந்தாக வேண்டும். எடையில் குறைந்ததைக் காலில் ஈடுகட்டு என்பதுதான் கணக்கு. 'அணி' என்ற சொல் பெரிதாகவும், அதன் கீழே 'நான்' என்பது பொடி எழுத்திலும் அச்சிட்ட பனியனைத் தன் பையன்களுக்குப் போட்டுவிட்டார்.

நவம்பரில் ஜாக்சன்வில்லில் ஃப்ளோரிடாவுடன் ஆட்டம். ஜார்ஜியா 10-7 என வென்றது. ரிச்சர்ட் ஆப்பிள்பி என்ற பையன் ஓடப்போவதுபோலப் போக்குக் காட்டி நின்று பந்தை வீச, ஜீன் வாஷிங்டன் அதைப் பிடித்து 80 கஜம் கடந்து கோட்டைத் தொட்ட காட்சியை ஜார்ஜியாக்காரர்கள் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். என் கண் அந்த ஏழில் நிற்கிறது. ஃப்ளோரிடா பத்தைத் தாண்டியிருந்தால் அந்த 80 கஜத்தை இன்று யார் நினைப்பார்கள்?

நாய்கள் ஊரையே பிடித்துக்கொண்டன. அகஸ்டாவில் வளர்ந்த பெரும் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் இவர்களுக்காக ஒரு பாட்டையே பதிவுசெய்தார். அதன் தலைப்பிலும் நாய்கள் டூலியுடையவைதான். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

தோல்விகளையும் மறைக்கக் கூடாது. அந்த சீசன் முடிவில் காட்டன் பவுல் ஆட்டத்தில் ஆர்கன்சா 31-10 என வென்றது. 1976-ல் பையன்களும் ரஸ்ஸலைப் போலவே மொட்டை அடித்துக்கொண்டார்கள். பேர் பிரையன்ட் பயிற்றுவித்த அலபாமாவை 21-0 என மண்ணைக் கவ்வ வைத்து, தென்கிழக்குக் கல்லூரி அணிகளின் கூட்டமைப்புப் பட்டத்தையும் வென்றார்கள். ஆனால் சீசன் முடிவில் சுகர் பவுல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கின் டோனி டார்செட் தனியாளாக 202 கஜம் ஓடினார். 27-3 எனத் தோல்வி. காயலான் கடை வேலியைத் தாண்டிப் போனவர் என்று என்னால் மதிக்க முடிகிற ஒரே ஆள் அவர்தான்.

1980 சீசனை முந்தைய இதழ்களில் பார்த்தோம். ஜார்ஜியாவுக்காகப் பந்தோடு ஓடிய ஹெர்ஷல் வாக்கரையும் பார்த்துவிட்டோம். 1981 ஜனவரி 1, நியூ ஆர்லியன்ஸில் நோட்ர டேமுடனான இறுதி ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தோள் மூட்டு விலகிய நிலையில் வாக்கர் ஓடிய 150 கஜத்தை எல்லோரும் பாடுகிறார்கள். அன்று ஜார்ஜியா வீசிய பந்துகளில் ஒன்றே ஒன்றுதான் சகாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னோக்கித் தள்ளப்பட்டதைக் கழித்தால் மொத்த அணியும் முன்னேறியது 127 கஜம். அதைக் கொண்டு 17-10 என எப்படி வெல்வது? டெர்ரி ஹோக் என்ற முதலாண்டு மாணவன் எதிரணி உதைத்த பந்தைக் குறுக்கே பாய்ந்து தடுத்தான். கடைசியில் ஸ்காட் வோர்னர் வீச்சை நடுவில் பிடித்து ஆட்டத்தைப் பூட்டினான். அது ரஸ்ஸலின் ஆட்டம். நாட்டின் சாம்பியன் பட்டத்தை அன்று காத்தது டிஃபன்ஸ்தான்.

அதுவே ஜார்ஜியாவில் அவருடைய கடைசி ஆட்டமாகவும் ஆனது. சில மாதங்களில் வேலையை விட்டார். வயது 54. போய்ச் சேர்ந்த இடம் ஸ்டேட்ஸ்பரோ என்ற சிற்றூர். அங்கிருந்த ஜார்ஜியா சதர்ன் கல்லூரி, போரை முன்னிட்டு 1941-ல் கால்பந்தை நிறுத்தியதோடு சரி. ஆட்டக்காரர்கள் கிடையாது. மைதானம் கிடையாது. பந்துகூட இல்லை. சாம்பியன் அணியின் டிஃபன்ஸை நடத்தியவர் முதல் வேலையாக ஊரிலிருந்த கே-மார்ட் கடையில் பந்து வாங்க வேண்டியிருந்தது.

அந்தப் பந்தும், கல்லூரி ஓரமாக ஓடிய ஒரு சாக்கடைக் கால்வாயும் அடுத்த வாரம்.